ஊர் நாடகமும் அரங்கப் பொறுப்பாளரும்

(நாடகம் நடத்த முனையும் சிற்றூர் இளைஞர்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



நாடகம் என்றவுடன் எல்லார் நினைவிலும் எழுபவன் அரங்கின்மேல் நிற்பவனே. அரசனாக வந்தவன் யார் மகன், அவன் அழுதபோது ஊரே அழுதது எவ்வாறு, நகைச்சுவைக்காரன் வழுக்கி விழுந்தது உண்மையா நடிப்பா என்றெல்லாம் மறுநாட் காலையில் தேநீர்க்கடையிலே பேச்சு நடக்கும். அவ்வரசனுடைய இடையில் வாள் எவ்வாறு வந்தது, வரவேண்டிய நொடியில் அவன் எவ்வாறு வந்தான், அவன் கண்கலங்கியபோது விளக்கு எவ்வாறு மங்கிற்று என்று எவரும் கேளார். கேட்கவும் வேண்டியதில்லை. ஆனால் வாளின்றி உறையோடு மட்டும் அரசன் போர்க்களம் புகுந்தால், அதனை ஊர் பத்தாண்டு மறவாது.

இவ்வுரை, கேட்கப்படாத அந்த ஒருவரைப் பற்றியது. ஊர்களில் அவர்க்குத் தனிப்பெயர் கிடையாது. “எல்லாம் பார்த்துக்கொள்பவர்” என்பர், அவ்வளவே. ஈண்டு அவரை அரங்கப் பொறுப்பாளர் என்று வழங்குவோம்.

இப்பணி நேற்று வந்த மேலைநாட்டுப் புதுமையன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை மாதவியின் ஆடற்சிறப்புக்காகவே பலரும் படிக்கின்றனர். ஆனால் அவள் ஆடத் தொடங்குமுன், அரங்கமைத்தோரின் வேலை முழுவதையும் நிரல்படச் சொல்லிவிட்டே இளங்கோவடிகள் மேற்செல்கின்றார். கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலைத் தேர்ந்து, பெருவிரல் இருபத்துநான்கு கொண்ட அளவுகோல் நறுக்கினர். அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக அரங்கு எழுப்பினர். மேற்பலகைக்கும் அரங்கத் தரைக்கும் இடையே நான்கு கோல் விட்டனர். புகுவதற்கும் போவதற்கும் இரண்டு வாயில் வைத்தனர். பெருவிரலின் அகலத்தை ஏறத்தாழ ஓரங்குலமாகக் கொண்டால், அகலம் 14 அடி, நீளம் 16 அடி, உயரம் 2 அடி, தலைக்குமேல் இடைவெளி 8 அடி என்றாகின்றது. ஊர்ப் பந்தற்காரர் சவுக்குக் கம்பும் பலகையுங் கொண்டு கட்டித்தரும் மேடையை ஒருமுறை அளந்து பாருங்கள். பல இடங்களில் ஏறத்தாழ இவ்வளவே இருக்கும்.

விளக்கைப் பற்றி அடிகள் கூறுவது இன்னும் வியப்பானது. தூணின் நிழல் அரங்கிலே விழாமல் புறத்தே போகுமாறு விளக்கு நிறுத்தப்பட்டது என்கின்றார். இன்று மின்விளக்கை வைத்துக்கொண்டும், கதைத்தலைவியின் முகத்திற் குறுக்கே மூங்கில் நிழல் கோடிட, நாடகம் நடத்துவார் உளர். ஒருபுறமிருந்து இழுப்பது, இருபுறமிருந்தும் வந்து பொருந்துவது, மேலிருந்து மறைவாக இறங்குவது என மூவகைத் திரைகள் அன்றே இருந்தன. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்பன அவற்றின் பெயர்கள். இசைக்கருவியாளர் நிற்கும் முறை, ஆடுபவள் வலக்காலை முன்வைத்து ஏறி வலத்தூணருகே நிற்பது, ஆடிமுதிர்ந்த மகளிர் இடத்தூணருகே நிற்பது என்று, யார் எங்கே என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது. இவை அனைத்தையும் எவரோ ஒருவர் நினைவில் வைத்து, ஒவ்வொருவரையும் உரிய இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டுமன்றோ? அவர் பெயரைக் காப்பியம் சொல்லவில்லை.

தொழில்முறை நாடகத்தார்க்கு இத்தொல்லை குறைவு. தென்மாவட்டத் திருவிழாக்களில் ‘இசுபெசல் நாடகம்’ என்று மக்கள் வழங்கும் நாடகத்தை நோக்குக. இராசபார்ட்டு ஓரூரிலிருந்தும், பெண்வேடத்தார் வேறோரூரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோரூரிலிருந்தும் வந்து, அன்றிரவே ஒப்பனைக் கொட்டகையில் ஒருவரையொருவர் காண்பர். ஒத்திகை என்பதே இல்லை. ஆயினும் வள்ளி திருமணம் விடியவிடியத் தடையின்றி நடக்கின்றது. கரணியம் யாது? கதையின் போக்கும் பாட்டின் நிரலும் யார்க்குப்பின் யார் என்பதும் சங்கரதாசு அடிகள் போன்றோர் காலத்திலிருந்தே அனைவர்க்கும் ஒன்றாகப் பாடமாகியுள்ளன. ஆண்டிற்குப் பல இரவு அதனையே ஆடுகின்றனர். அங்கே மரபே பொறுப்பாளர்.

ஊர் இளைஞர் நடத்தும் நாடகத்திற்கு அத்தகைய காப்பு இல்லை. கதை புதிது; நடிப்பவர் புதியர்; ஆண்டுக்கு ஓரிரவே அரங்கு. பகலெல்லாம் தறியிலோ கடையிலோ வயலிலோ உழைத்தவர் மாலையில் வந்து வேடம் புனைகின்றார். கூலி கிடையாது, ஆதலின் வராவிட்டால் கூலியைக் குறைக்கவும் இயலாது. ஆணையிடும் உரிமை ஒருவர்க்கும் இல்லாத இடத்தில் ஒழுங்கை உண்டாக்குவதே ஊர் நாடகத்தின் முதற்சிக்கல். மற்றைச் சிக்கலெல்லாம் அதன் கிளைகள்.

இச்சிக்கலை முன்பே எதிர்கொண்டவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ஆம் ஆண்டு அவர் சென்னையிலே தோற்றுவித்த சுகுணவிலாச சபை, நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாத கற்றோர் கூடிய அமைப்பு. அவரே வழக்குரைஞர், பின்னர் நயன்மையராகவும் (நீதிபதியாகவும்) இருந்தவர். விடியவிடிய நீண்ட நாடகத்தைச் சில மணிநேரத்திற்குள் அடக்கி, ஒத்திகையையும் உரிய வேளையில் தொடங்குதலையும் மதிப்பாக்கியவர் அவர். ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் அவர்தம் நூலைப் படிப்பவர், அதிலே நடிப்புக்கலையோடு, நாடகம் நடத்துவோர் படும் பாட்டையும் காண்பர். அவர்க்கு வாய்த்தவர் நகரத்துக் கற்றோர், கைக்கடிகை வைத்திருந்தோர். நடவு நாளில் ஒத்திகைக்கு ஆள்தேடும் தொல்லை அவர்க்கு இல்லை.

பொறுப்பாளராக யாரை அமர்த்துவது? ஊர் நாடகங்களில் பெரும்பாலும் எழுதியவரே இயக்குநர், இயக்குநரே கதைத்தலைவர், கதைத்தலைவரே நன்கொடைச் சீட்டும் வைத்திருப்பார். இது கூடாது. அரங்கின்மேல் நிற்பவர்க்கு அரங்கின்பின் நடப்பது தெரியாது. பொறுப்பாளர் நடித்தலாகாது, ‘ஒரே காட்சி, காவலனாக வந்து போய்விடுகிறேன்’ என்றாலும் விடலாகாது. அந்த ஒரே காட்சியில்தான் திரைக்கயிறு சிக்கும். நாவன்மை மிக்கவரையும் விடுக. இரவில் வீட்டுக்கதவைத் தாழிட்டபின் மீண்டும் ஒருமுறை எழுந்துசென்று தாழைத் தொட்டுப் பார்ப்பவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். வீட்டார் அவரைக் கேலி செய்வர். அவரைப் பிடித்துக்கொள்க.

அவர் கையில் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். நாடகப்படியின் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே ஒரு வெறுந்தாள் வைத்துத் தைத்தது அது. உரையாடல் இடப்பக்கத்திலும், அந்த அடிக்கு நேரே யார் எவ்வாயிலிற் புகுவது, கையில் என்ன, விளக்கு என்ன, பின்னொலி என்ன என்பன வலப்பக்கத்திலும் எழுதப்பெறும். மையால் எழுதாது கரிக்கோலால் எழுதுக. ஒத்திகையிலே எல்லாம் மாறும். இரண்டு படிகள் வேண்டும். ஒன்று பொறுப்பாளரிடம், மற்றொன்று திரைமறைவிலிருந்து அடியெடுத்துக் கொடுப்பவரிடம். அடியெடுத்துக் கொடுப்பது எளிய வேலையென்று எண்ணிச் சிறுவன் ஒருவனை அமர்த்துவதுண்டு. அவன் நாடகத்தில் மயங்கி வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். நடிகர் வாய்திறவாமல் நிற்பார். ஒத்திகை அனைத்திற்கும் தவறாது வந்தவரே அதற்குரியர். நடிகர் வேண்டுமென்றே நிறுத்துவது எது, மறந்து நிற்பது எது என்பதை அவரே அறிவார்.

ஒத்திகைக்கு எல்லாரும் ஒரே நாளில் வருவர் என்று எதிர்பார்ப்பது வீண். காட்சி ஒன்று, காட்சி இரண்டு என்று நிரலே ஒத்திகை பார்ப்பதும் வீண். யார் யார் எந்தெந்தக் காட்சியில் வருகின்றனர் என்று கட்டமிட்டு எழுதி, எந்த நாளில் யார்க்கு ஓய்வு என்பதை அதனருகே வைத்துப் பார்த்தால், எந்தக் காட்சியை எந்நாளில் எடுப்பது என்பது தானே புலனாகும். ஒருவர்க்காகப் பதின்மர் காத்திருந்தால் அடுத்த நாள் அப்பதின்மரும் வாரார். இறுதி இரண்டு ஒத்திகை மட்டும் முழுமையாக, உண்மையான மேடையில், உண்மையான உடையோடு நடத்தல் வேண்டும். அரசன் நீண்ட அங்கியோடு படியேறும்போது தடுக்கி விழுவதாயின், அங்கே விழட்டும்.

இனி, நாடகப் பொருள்களுக்கு வருவோம். ஊர் நாடகத்திற் பாதி இரவல். நாற்காலி பள்ளியினுடையது, சரிகைப்புடைவை ஒருவர் வீட்டுத் திருமணப்புடைவை, பித்தளைக் குத்துவிளக்கு மற்றொருவர் பாட்டியினுடையது. ஒவ்வொன்றுக்கும் யாரிடம் வாங்கியது, யார் வாங்கிவந்தது, வாங்கும்போதே இருந்த கீறல் எது என்பவை எழுதப்படல் வேண்டும். ‘நம்முடைய ஊர்தானே’ என்று எழுதாமல் விட்ட இடங்களில், நாடகம் முடிந்து ஆறு திங்கள் கழித்தும் குத்துவிளக்கின் தலைப்பகுதி எங்கே என்ற கேள்வி நிற்கும். அடுத்த ஆண்டு அவ்வீட்டில் ஒன்றும் கிடைக்காது.

அரங்கின் இருபுறமும் ஒவ்வொரு மேசை போடுக. அதன்மேல் வெள்ளைத்தாள் விரித்து, மடல், வாள், கிண்ணம், பணப்பை என ஒவ்வொன்றின் வடிவத்தையும் வரைந்து, அவ்வரைவின்மேல் அப்பொருளை வைத்துவிட்டால், தொடங்குமுன் ஒரு பார்வையிலேயே எது இல்லை என்பது தெரியும். நடிகர் அரங்கேறும்போது அங்கிருந்து எடுத்து, இறங்கும்போது அங்கேயே வைத்தல் வேண்டும். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாகாது. கதையின் திருப்பமே ஒரு மடலில் இருக்க, அம்மடலைப் பையில் வைத்த சட்டையைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையை நீட்டி நின்ற நடிகரும் உண்டு. “மடலில் இருந்ததை வாயாலேயே சொல்லிவிடுகிறேன்” என்று எதிரில் நின்றவர் சமாளித்தார். கூட்டம் கைதட்டியது, துன்பக்காட்சி நகைச்சுவையாயிற்று.

கூர்மையான இரும்பு ஒன்றும் அரங்கேறலாகாது. மரவாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டினால் இருபதடிக்கு அப்பால் எவர்க்கும் வேறுபாடு தெரியாது. ‘உண்மை அரிவாள் இருந்தால்தான் உணர்ச்சி வரும்’ என்னும் நடிகர்க்கு, உணர்ச்சி அரிவாளில் இல்லை என்பதை அன்போடு சொல்லுக. கேளாராயின் அரிவாளை ஒளித்து வைக்க.

பின்னறைக்குள் வருவோம். ஈண்டுச் சொல்லப்போவதைச் சிலர் விரும்பார்; ஆயினும் சொல்லியே தீரவேண்டும். நாடகத்தில் பண்ணையார் காலில் உழவன் விழும் காட்சியும், இறுதியில் உழவன்முன் பண்ணையார் தலைகுனியும் காட்சியும் உள்ளனவென்று கொள்வோம். ஊர்ப்பெரியவர் மகன் பண்ணையாராகவும் சேரி இளைஞன் உழவனாகவும் நடித்தால், முதற்காட்சிக்கு ஒருவரும் வாய்திறவார். இறுதிக்காட்சியை மட்டும் ‘கொஞ்சம் சுருக்கினால் என்ன?’ என்பர். வேடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாலோ, முதற்காட்சிக்கே ஊர்க்கூட்டம் கூடும். யார்க்கு எவ்வேடம் என்பதை முடிவுசெய்வது இயக்குநர் வேலை. நடிப்புத்திறன் ஒன்றையே பார்த்து அவர் முடிவு செய்க. பின்னறையோ முழுக்கப் பொறுப்பாளரின் ஆட்சிக்குட்பட்டது. அங்கே ஒரே பானை, ஒரே குவளை, ஒரே பாய் இருத்தல் வேண்டும். ஒப்பனைக்கு அமரும் வரிசை, அரங்கேறும் நிரலைப் பொறுத்ததாகவே இருத்தல் வேண்டும். வேறெதையும் பொறுத்ததாக இருத்தலாகாது. இதனை அவர் ஒரு சொற்பொழிவாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஒத்திகை நாளில் பானையை வைத்து, அனைவர் முன்னும் தாம் முதலில் அந்தக் குவளையில் நீர் மொண்டு குடித்துவிட்டு, அடுத்தவரிடம் நீட்டினாற் போதும். நீட்டிய குவளையை ஒருவர் வாங்காவிட்டால், நாடகத்தின் உண்மையான நெருக்கடி அங்கே தொடங்கிவிட்டது என்று பொருள். வாங்காதவர்க்கு வேறு குவளை கொண்டுவரலாகாது. அவர்க்கு வேடமில்லை என்று சொல்லும் துணிவு பொறுப்பாளர்க்கு வேண்டும். அவர்பின் நிற்கும் துணிவு மன்றத்தார்க்கு வேண்டும். அரங்கின்மேல் ஒற்றுமை பேசிவிட்டுப் பின்னறையில் இரண்டு குவளை வைத்திருக்கும் நாடகத்தை நடத்தாமலிருப்பதே நன்று.

பெண்கள் நடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் ஆடவரே பெண்வேடம் பூண்டனர். சுகுணவிலாச சபையிலும் அவ்வாறே. குடந்தையிலே பாலாமணி அம்மையார் பெண்டிரையே கொண்டு குழு நடத்தியதும் உண்டு. இன்று ஊர்ப் பெண்மக்கள் நடிக்க முன்வரின், பெற்றோரின் தயக்கத்தைப் பேச்சினால் மட்டும் நீக்க இயலாது. கதவும் தாழும் உள்ள தனி ஒப்பனையறை, பொழுது சாயுமுன் முடியும் ஒத்திகை, வீடுவரை உடன்சென்று விடுவதற்கு முன்கூட்டியே குறித்துவைத்த இரண்டு மூதாட்டியர் — இவை இருந்தால் தயக்கம் பெரும்பாலும் தானே அகலும். சாக்குத்திரையைத் தொங்கவிட்டு ‘இதுதான் பெண்கள் அறை’ என்றால், அகலாது, அகலவும் வேண்டா.

இசைவு பெறும் வேலை அடுத்தது. 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்கீழ் நாடகப்படியைக் காவல்துறையிடம் காட்டும் நிலை இங்கே நெடுங்காலம் இருந்தது. அச்சட்டத்தின் தலையாய பிரிவுகளைச் சென்னை உயர்நயன்மன்றம் (உயர்நீதிமன்றம்) 2013-இல் செல்லாதனவாக்கிற்று. ஆயினும் இடத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் இசைவு வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டு நடுவணரசு வகுத்த ஒலிமாசு விதி. விழா வேளைகளில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசிற்கு உரிமையுண்டு; அந்நாள்களில் நம் திருவிழா உண்டா என்பதை முன்னரே கேட்டறிக. இல்லையேல் பத்து மணிக்குத் திரை விழுந்தாக வேண்டும்.

பத்து மணிக்கு முடிப்பதற்கு ஏழு மணிக்குத் தொடங்க வேண்டும். அதற்கு இடையூறாக நிற்பவர் நடிகரல்லர், வாழ்த்துரைப்போர். அழைப்பிதழில் பதினெண்மர் பெயர் இருக்கும். ஒவ்வொருவர்க்கும் பொன்னாடை. ஒவ்வொருவரும் ‘நாடகத்திற்கு இடையூறாக நிற்க விரும்பவில்லை’ என்று தொடங்கி அரைமணி நேரம் நிற்பர். ஒப்பனை வழிந்து, சிறுவர் உறங்கி, கதைத்தலைவன் ஒட்டுமீசை உதிர்ந்துவிடும். இதற்கு ஒரே வழி, வாழ்த்துரையை நாடகத்தின் இடைவேளையில் வைப்பதே. இடைவேளையில் பேசுவோர், கூட்டம் மறுபாதிக்குக் காத்திருப்பதைக் கண்ணால் காண்பர், சுருக்கிக்கொள்வர்.

நன்கொடையாளர் தொல்லை தனி. மகனை இழந்த தாய் அரங்கில் அழுதுகொண்டிருப்பாள்; அப்போது ஒருவர் படியேறி, அவள் தோளிற் பணத்தாளைக் குத்தி, தம் பெயரையும் தம் தந்தையார் பெயரையும் ஒலிவாங்கியிற் சொல்லச் சொல்வார். தாய் அழுகையை நிறுத்திக் கும்பிடுவாள். ஊரில் இது தலைமுறை வழக்கம், மறுத்தால் பகை. ஆகவே மறுக்கவேண்டா. படியடியில் மேசையிட்டு ஒருவரை அமர்த்தி, பெயரும் தொகையும் எழுதி வாங்கி, காட்சிகளுக்கிடையே திரை மூடியிருக்கும்போது அறிவித்துவிடுக. திரைமுன் ஒலிக்கும் அப்பெயர்கள், திரைப்பின் படுதாவை மாற்றுவோர்க்கு வேண்டிய மணித்துளிகளையும் தருகின்றன. ஒரு கல்லிலே இரு மாங்காய்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்றுண்டு; அது தீ. பந்தல் என்பது காய்ந்த கீற்று. திரை என்பது துணி. ஒப்பனைக் கொட்டகையில் சாம்பிராணி. தூணில் சூடேறிய விளக்கு. 1903-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் சிக்காகோ நகரத்து இரோகுவா அரங்கில், பகற்காட்சியின்போது விளக்கொன்றிலிருந்து தெறித்த பொறி, அருகே தொங்கிய மெல்லிய திரையைப் பற்றியது. தீத்தடுப்புத் திரையை இறக்கினர். அது நடுவழியில் சிக்கிக்கொண்டது. நகைச்சுவை நடிகர் ஒருவர் ஒப்பனையோடு முன்வந்து நின்று, அஞ்சாதீர் என்று கூட்டத்தை அமைதிப்படுத்த முயன்றார். வாயில்கள் பல பூட்டிக் கிடந்தன; சில உள்நோக்கித் திறப்பனவாய் இருந்தன. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பலர் குழந்தைகள். அது கல்லாற் கட்டிய, புத்தம் புதிய அரங்கு. 1995-ஆம் ஆண்டு திசம்பர் 23-ஆம் நாள் அரியானா மாநிலத்து டப்வாலியில் பள்ளி விழாவிற்கென இட்ட பந்தலில் தீப்பற்றி 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவருள்ளும் பள்ளிப்பிள்ளைகள் மிகப்பலர். 2004-ஆம் ஆண்டு திருவரங்கத்தில் மணப்பந்தல் ஒன்று எரிந்ததும், அதில் மணமகனே மாண்டதும் தமிழகம் அறிந்தது.

ஆகவே, பந்தல் எழுந்தவுடன் பொறுப்பாளர் அதனைச் சுற்றி நடந்து பார்த்தல் வேண்டும். வெளியேறும் வழி இரண்டேனும் இருத்தல் வேண்டும். அவ்வழிகளில் நாற்காலியோ மிதிவண்டியோ சுண்டல் விற்பவரோ நிற்றலாகாது. விளக்குக்கும் துணிக்கும் இடையே கைநீளத்திற்குக் குறையாத இடைவெளி வேண்டும். விளக்குக்கு வண்ணத்தாள் கட்டுவோர் விளக்கின்மேலேயே சுற்றிவிடுவர். அதனை அவிழ்த்து, முன்னே தள்ளிச் சட்டமிட்டுக் கட்டச் செய்க. மின்கம்பியைத் தெருக்கம்பத்தில் கொக்கி மாட்டி இழுப்பது குற்றம் மட்டுமன்று, கொலைக்கருவியும் ஆகும். மழை பெய்த தரையில் வெறுங்காலோடு நின்று இரும்பு ஒலிவாங்கித் தண்டைப் பற்றுபவர்க்கு, எங்கோ கசியும் மின்னோட்டம் வந்து சேரலாம். அத்தண்டின்கீழ் உலர்ந்த பலகை இடுக. கம்பி ஒட்டுகளைத் தரையில் விடாது உயரக் கட்டுக. அரங்கின் இருபுறமும் மணல் வாளியும், நீர் நிறைந்த குடமும், ஈரச்சாக்கும் வைத்து, அவற்றினருகே ஆளையும் நிறுத்துக. அவ்வாள் நாடகம் பார்க்கலாகாது. கூட்டத்தையும் விளக்கையும் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். மின்னிணைப்பைத் துண்டிக்கும் விசை எங்கே என்பதை மூவரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுத்தது, நாடகத்தை நிறுத்தும் உரிமை. இதனை ஒத்திகையின் முதல் நாளிலேயே அனைவரும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பொறுப்பாளர் ‘திரை’ என்றால் திரை விழுந்தாக வேண்டும். எழுதியவர், நடிப்பவர், தலைமை தாங்க வந்தவர் எவரும் அதன்மேல் பேசலாகாது. புகைநாற்றம் என்று ஐயுற்றுத் திரையை மூடிப் பார்த்தபின் அடுத்த வீட்டு அடுப்புப்புகை என்று தெரிந்தால், ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அச்சிரிப்புக்கு அஞ்சி ஒரு மணித்துளி தயங்குபவர் இவ்வேலைக்கு ஆகார்.

மழை வந்தால் மறுநாள் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுக. நடிகர் ஒருவர் குடித்துவிட்டு வந்தால் அவரோடு வழக்காடவேண்டா. அவ்வேடத்தைப் பாடம் செய்து வைத்திருக்கும் மாற்றாளுக்கு உடை அணிவித்து, இவரைப் பாயிற் படுக்கவைக்க. அடியெடுத்துக் கொடுப்பவரே நல்ல மாற்றாள். எல்லார் உரையாடலும் அவர்க்குத் தெரியும். பின்னறையில் கைப்பேசிகளை ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுக. கட்டபொம்மன் இடுப்பிலிருந்து திரைப்பாட்டு ஒலிப்பது நன்றன்று.

முன்திரை இழுப்பவரைப் பற்றிச் சொல்லாது விட்டால் குறை. கதையின் இறுதியடி முடிந்து, அவ்வடி கூட்டத்தின் நெஞ்சிற் படியும் நேரம் கழிந்தபின் திரை மூடவேண்டும். விரைந்தால் அடி சாகும். தாழ்த்தால் செத்துக்கிடப்பவர் எழுந்து மேலே பார்ப்பார். பொறுப்பாளர் வாயாற் சொல்லாது, கைவிளக்கை ஒருமுறை மினுக்கினால் ஆயத்தம், மறுமுறை மினுக்கினால் இழு என்று பழக்குக. கயிற்றுக்கு எண்ணெயும் கப்பிக்கு மசகும் அன்று பிற்பகலே இடுக.

நாடகம் முடிந்தது. கைதட்டல், மாலை, நிழற்படம். நடிகரெல்லாம் ஒப்பனையைக் கலைக்க மனமின்றித் தெருவில் உலவுகின்றனர். பொறுப்பாளர்க்கு இனிமேல்தான் வேலை. விளக்குகள் ஆறுமுன் கழற்றலாகாது. மேடைப்பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைப் பிடுங்கல் வேண்டும். காலையில் அங்கே குழந்தைகள் ஏறி விளையாடும். குறிப்பேட்டின் பின்பக்கத்தைத் திறந்து, நாற்காலி பன்னிரண்டு, சரிகைப்புடைவை ஒன்று, குத்துவிளக்கு தலையோடு ஒன்று என்று எண்ணி எண்ணிக் கோடிட்டு, விடியுமுன் ஒரு மாட்டுவண்டியில் அல்லது சிற்றுந்தில் ஏற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெயர்சொல்லி அழைத்துக் கொடுத்தல் வேண்டும். புடைவையில் அரிதாரக் கறை பட்டிருந்தால் கறை பட்டதென்று சொல்லியே கொடுக்க; வெளுத்துத் தரும் செலவை மன்றக் கணக்கில் எழுதுக. இறுதியாக, பானையிலே மிஞ்சிய நீரைக் கொட்டி, குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் தம் வீட்டுக்குப் போகலாம்.